பொம்மையிலும் வெடியா?

யுத்தம் என்று வந்துவிட்ட பிறகு முறையாவது, நெறியாவது என்று கேட்பவர்கள் உண்டு. நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்ல. போர்க்களத்திலும் செய்யத் தகாதவை சில உண்டு என்று உலக நாடுகள் பல கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருக்கின்றன. பொறிவெடி பற்றிய விதி அவற்றுள் ஒன்று.

பொறிவெடி என்பது என்ன? கதவைத் திறக்கிறோம், கீழே கிடக்கும் பேனாவை எடுக்கிறோம், வெடிக்கிறது! பார்வைக்குச் சாது, தொட்டால் சாவு. இதைச் சட்டம் அடியோடு தடுத்துவிடவில்லை. பின்வாங்கும் படை, தான் விட்டுச் செல்லும் பதுங்குகுழியில் எதிரிச் சிப்பாய்க்குப் பொறி வைத்தால், அதனாலேயே அது குற்றமாகிவிடாது.

ஆனால் எதில் வைக்கக் கூடாது என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. 1980-ல் ஜெனிவாவில் உருவாகி, 1996-ல் திருத்தப்பட்ட உடன்படிக்கையின் 7-வது ஷரத்து அதைச் சொல்கிறது. செஞ்சிலுவைச் சின்னம், நோயாளி, காயம்பட்டவர், பிணம், இடுகாடு, சுடுகாடு, மருந்து, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள், உணவு, குடிநீர், வழிபாட்டுப் பொருள், விலங்கு - இவற்றோடு பொறிவெடியைப் பிணைக்கக் கூடாது!

பிணத்தில் வெடி வைக்காதே என்று மனிதனுக்கு மனிதன் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அந்த வெட்கத்தை என்னென்பது! இந்தப் பட்டியலின் உட்பொருள் ஒன்றுதான். இறந்தவனை அடக்கம் செய்ய வருபவனை இழுத்து வருவது இரக்கம். பொம்மையை நோக்கி ஓடும் குழந்தையை இழுப்பது ஆசை. அந்த இரக்கத்தையும் ஆசையையும் தூண்டில் புழுவாக்காதே என்கிறது சட்டம்.

அதே ஷரத்து இன்னொன்றும் சொல்கிறது. தீங்கற்றதுபோல் தோன்றும் கைப்பொருளை, உள்ளே வெடிமருந்து வைப்பதற்கென்றே செய்து பயன்படுத்தக் கூடாது. தொட்டால் வெடிப்பதற்கு மட்டுமல்ல, தொலைவிலிருந்து இயக்கப்படுவதற்கும் இந்தத் தடை பொருந்தும்.

2024 செப்டம்பர் 17 அன்று லெபனானில் ஹிஸ்புல்லா இயக்கம் வழங்கியிருந்த பேஜர்கள் ஒரே சமயத்தில் வெடித்தன. மறுநாள் வாக்கி டாக்கிகள் வெடித்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் காயமுற்றனர். மாண்டவர்களில் குழந்தைகளும் உண்டு. தாமே அனுமதி அளித்ததாக இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அந்த ஆண்டு நவம்பரில் ஒப்புக்கொண்டார். திருத்தப்பட்ட அந்த விதிகளை இஸ்ரேல் 2000-லேயே ஏற்ற நாடு!

"எதிரி இயக்கத்தாரின் கையில் இருந்த கருவிதானே?" என்பது மறுதரப்பு வாதம். ஹிஸ்புல்லா ஆயுதம் ஏந்திய இயக்கம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வெடித்த அந்த நொடியில் ஒவ்வொரு பேஜரும் யார் கையில் இருந்தது, பக்கத்தில் நின்றது யார் என்று, வெடிக்கச் செய்தவருக்குத் தெரியுமா? கடைத்தெருவிலும் வீட்டிலும் வெடித்தனவே! எதிரியை நோக்கி எய்த அம்பு என்றால், அது போய்ச் சேரும் இடம் எய்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் அந்த வாரமே பாதுகாப்புச் சபையில் இந்தத் தடையை எடுத்துக் காட்டினார். காட்டி என்ன? மீறியவரைத் தண்டிக்கும் பொறுப்பை, அவரவர் நாட்டு அரசிடமே உடன்படிக்கை விட்டு வைத்திருக்கிறது. உத்தரவிட்டவரே அரசின் தலைவராயிருந்தால் தண்டிப்பவர் யார்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

1999-ல் அந்த விதிகளை ஏற்ற இந்தியாவுக்கும் சேர்த்தே சொல்கிறோம். செய்தவன் நண்பனா பகைவனா என்று பார்த்துத் தராசைச் சாய்க்காதீர்கள். இன்று பேஜர் என்றால் வாயை மூடிக்கொள்வோர், நாளை பொம்மை வெடிக்கும்போது எந்த வாயால் பேசுவார்கள்?