பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரும் வீங்கிப்போன கண்டென்சரும்

வீட்டு மின்விசிறி வேகம் குறைந்து சோம்பலாகச் சுற்ற ஆரம்பித்தால், கொல்கத்தாவில் வரும் எலெக்ட்ரீஷியன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கன்டென்ஸார் கேச்சே" என்பார். ஐந்து நிமிடத்தில் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மின்விசிறியையே தூக்கி எறியுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் 25, 30 வருடத்துக் கம்ப்யூட்டர் ஒன்று ஸ்விட்ச் போட்டும் உயிர் பெறவில்லை என்றால், உடனே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடுகிறோம். அதிலும் பல சமயம் போயிருப்பது கண்டென்சர்தான். இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நம் சங்க அன்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் ரயில்வேயில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பாலிடெக்னிக் டிப்ளமாதான் என் படிப்பு. ஒரு ரிலே மின்சாரம் நின்ற உடனே விழாமல் சற்றுத் தாமதித்து விழ வேண்டும் என்றால், அதன் சுருளுக்குக் குறுக்கே ஒரு கண்டென்சரைப் போடுவோம். மின்சாரம் நின்ற பிறகும் அது தன்னிடம் தேக்கி வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். தமிழில் மின்தேக்கி என்று பெயர் வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

கம்ப்யூட்டரில் அதன் வேலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் வேலை போன்றது. கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் குழாயில் சீராக விழுவது தொட்டியால். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி 5 வோல்ட், 12 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. அப்படி வருவது மேடு பள்ளமாக வரும். கண்டென்சர்கள் அதைச் சமன் செய்கின்றன. 5 வோல்ட் என்றால் 4.75-க்குக் கீழே போகக்கூடாது, 5.25-க்கு மேலே ஏறக்கூடாது. அந்த எல்லை மீறினால் கம்ப்யூட்டர் கிறுக்குப் பிடித்தது போல நடக்கும், அல்லது ஒரேயடியாக மௌனமாகிவிடும்.

இந்த வேலைக்குப் பயன்படுபவை எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள். சின்ன உருளை டப்பா போல இருக்கும். உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் காகிதம், எல்லாம் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி ஒரு திரவத்தில் ஊறவைத்து, அடியில் ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் வேலையைச் செய்வது காகிதம் அல்ல. ஒரு தகட்டின் மேல் படிந்துள்ள அலுமினிய ஆக்ஸைடு படலம்தான் அதைச் செய்கிறது. ஒரு வோல்ட்டுக்கு ஒரு நானோமீட்டருக்குச் சற்று அதிகமான கனம், அவ்வளவுதான். திரவம் அந்தப் படலத்தின் மேடு பள்ளங்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டு இன்னொரு முனையாக வேலை செய்கிறது. ஆகவே திரவம் வற்றினால் கண்டென்சரும் வற்றியது என்று பொருள்.

திரவம் வற்றுவதற்கு முதல் காரணம் சூடு. டப்பாவின் மேல் "105 டிகிரி" என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று தயாரிப்பாளர் சொன்னால், சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. 45 டிகிரியில் 64 மடங்கு, அதாவது 1,28,000 மணி. இடைவிடாமல் ஓடினால் பதினான்கு வருடத்துக்குச் சற்று மேல். ஆனால் நம் ஊர் மே மாதத்தில், தூசி அடைத்துக் காற்றாடி சுற்றாத ஒரு பெட்டிக்குள் 65 டிகிரி இருந்தால் அதே கண்டென்சருக்கு நான்கு வருடம் கூடக் கிடையாது. இதில் 85 டிகிரி ரகத்தைப் போட்டுவிட்ட பெட்டிகளின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

சூடு தவிர, தயாரிப்பில் ஏற்பட்ட கோளாறுகளும் உண்டு. 1980-களின் இறுதியில் வந்த சில வகை எலெக்ட்ரோலைட் திரவங்கள் ரப்பர் மூடியையே அரித்துக் கொண்டு வெளியே கசிந்தன. 1990-இல் வந்த மெக்கின்டாஷ் கிளாசிக், 1992-இல் வந்த அமிகா 1200 போன்ற இயந்திரங்களை இன்று வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தக் கசிவோடு போராடியவர்களே. கசிந்த திரவம் போர்டில் உள்ள செம்புக் கோடுகளைத் தின்னும். அந்தக் கண்டென்சரைச் சூடு காட்டிக் கழற்றும்போது அழுகிய மீன் வாடை அடிக்கும். கொல்கத்தாவில் குடியிருக்கும் நமக்கு அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் வாடை வந்தால் உள்ளே கசிவு இருக்கிறது என்று உறுதி.

அடுத்தது 1999 முதல் 2007 வாக்கில் வந்த போர்டுகள். தண்ணீர் அதிகம் கலந்த எலெக்ட்ரோலைட்டில் இருக்கவேண்டிய தடுப்புச் சேர்மானம் சரியாக இல்லாததால், தண்ணீர் அலுமினியத்துடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாயிற்று. டப்பாவின் தலை பூரி போல உப்பும். தலையில் சிலுவைக் கோடு போட்டிருப்பது அழகுக்காக அல்ல. வாயு அதிகமானால் அந்த இடத்தில் பிளந்து வெளியேறட்டும், வெடிக்க வேண்டாம் என்பதற்காக. தலை தட்டையாக இல்லாத கண்டென்சர் எதுவும் நல்ல கண்டென்சர் அல்ல. ஆனால் தட்டையாக இருப்பவை எல்லாம் நல்லவை என்றும் நினைக்கக்கூடாது.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. 1984-இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ என்ற இயந்திரம் பல பள்ளிகளுக்கு வந்தது. வெறும் 32 கே.பி. நினைவகம். ஸ்விட்ச் போட்டதும் இரண்டு ஸ்வரத்தில் கூவிவிட்டு வேலைக்குத் தயாராகிவிடும். இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் நம் பிள்ளைகளில் சிலர் முதலில் தொட்ட கம்ப்யூட்டர் இதுதான். அதன் பவர் சப்ளையில், சுவர் மின்சாரம் நுழையும் இடத்தில், உலோகம் பூசிய காகிதத்தால் ஆன கண்டென்சர்கள் உண்டு. ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01. கண்ணாடி போன்ற அவற்றின் உடலில் வருடங்கள் போகப் போக மயிரிழை விரிசல்கள் விழும். காற்றில் உள்ள ஈரத்தைக் காகிதம் குடிக்கும். பல வருடம் கழித்து ஆசையாக ஸ்விட்ச் போட்டால், சில நிமிடங்களில் அடர்ந்த புகையும் சகிக்க முடியாத நாற்றமும் கிளம்பும். அந்தக் காலத்துப் பல இயந்திரங்களின் பவர் சப்ளையிலும் இதே வகை இருந்தது. ஆடி மாதத்து வங்காள ஈரத்தில் வைத்திருந்த இயந்திரத்துக்கு இது கட்டாயம் நேரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே சும்மா போட்டுப் பார்ப்போம் என்ற எண்ணமே வேண்டாம். முதலில் இவற்றை மாற்ற வேண்டும். மாற்றும்போது எக்ஸ்2 என்று முத்திரையிட்ட, 275 வோல்ட் ஏ.சி. வகைதான் வாங்க வேண்டும். 400 வோல்ட் என்று எழுதியிருக்கிறதே என்று சாதாரண வகையைப் போடுவது வீட்டில் தீயை வரவழைப்பதற்குச் சமம்.

இதெல்லாம் எதற்கு, பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கலாம். லேக் மார்க்கெட் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி இருக்கிறார். அவருடைய கணவர் 1993-இல் வாங்கிய 486 கம்ப்யூட்டரில், தன் ஊர், தன் தாத்தா, பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய பெரியப்பா என்று குடும்பக் கதை முழுவதையும் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அச்செடுத்த பிரதி வீடு மாற்றியதில் போய்விட்டது. அவரும் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பெங்களூரில் இருக்கும் மகன், "அம்மா, அதைக் கபாடிக்குப் போட்டுடு" என்று சொல்லிவிட்டான். மாமி என்னிடம், "போடறதுன்னா போட்டுடலாம் ஸார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்க திறந்து பாத்துடுங்கோ" என்றார்.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்றைய கம்ப்யூட்டரில் மாட்டிவிடலாமே என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நானும் யு.எஸ்.பி. அடாப்டர் போட்டுத்தான் முதலில் பார்த்தேன். ஆனால் அந்தக் காலத்துச் சிறிய டிஸ்க்குகளில் பல, பழைய முறையில் மட்டுமே பேசும். இன்றைய அடாப்டர்களுக்கு அந்தப் பாஷை புரிவதில்லை. இந்த 210 எம்.பி. டிஸ்க்கும் அப்படித்தான். ஆக, அந்த இயந்திரமே எழுந்து நடந்தால்தான் எழுத்து வெளியே வரும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. உள்ளே உள்ள பெரிய கண்டென்சர்களில் சுமார் 325 வோல்ட் டி.சி. தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் முனைகளை இணைத்துப் பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல. ஒரு ரெசிஸ்டர் வழியாகவோ சாதாரண குண்டு பல்பு வழியாகவோ இறக்கிவிட்டு, மல்டிமீட்டரில் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய டி.வி. போன்ற மானிட்டரை யாருமே திறக்க வேண்டாம். அதன் குழாயில் உள்ள வோல்ட் ஆயிரக்கணக்கில்.

மாமி வீட்டுப் பெட்டியில் 5 வோல்ட் பக்கத்தில் இரண்டு கண்டென்சர்கள் தலை உப்பியிருந்தன. மற்ற இரண்டு பார்வைக்கு நன்றாக இருந்தன. மல்டிமீட்டரில் கொள்ளளவு கூடச் சரியாகவே காட்டின. ஆனால் கண்டென்சருக்கு உள்தடை என்று ஒன்று உண்டு. ஈ.எஸ்.ஆர். என்பார்கள். நல்ல நிலையில் அது ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். திரவம் வற்ற வற்ற அது ஏறும். இதை அளக்கத் தனி மீட்டர் உண்டு. சாதாரண மல்டிமீட்டர் இதைக் காட்டாது. பார்வைக்கு நன்றாக இருந்த இரண்டில் ஒன்று நான்கு ஓம் காட்டியது. தொட்டி நிறையத் தண்ணீர், ஆனால் குழாயில் பாசி அடைத்திருக்கிறது என்று சொன்னதும் மாமிக்குப் புரிந்துவிட்டது.

சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால், அந்தச் சந்துகளில் கிடைக்காத உதிரிபாகம் இல்லை. மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அதே அளவு அல்லது அதற்கு மேல். சூடு 105 டிகிரி, குறைந்த ஈ.எஸ்.ஆர். ரகம். குறுக்களவும் கால் இடைவெளியும் பொருந்துகிறதா என்று பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. பெரிய டப்பாவுக்குள் சின்னக் கண்டென்சரை வைத்து விற்பதும், பழையதற்குப் புது உறை மாட்டி விற்பதும் எல்லா ஊர்ச் சந்தையிலும் உண்டு. எடை குறைவாக இருந்தாலோ கால்கள் குட்டையாக வெட்டப்பட்டு ஈயம் ஒட்டியிருந்தாலோ வாங்காதீர்கள். நான்கும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

மாட்டும்போது திசை முக்கியம். உருளையின் பக்கவாட்டில் பட்டையாகக் கோடு போட்டிருக்கும் கால் எதிர்மின் கால். மாற்றி மாட்டினால் வெடிக்கும். கழற்றுவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும், செய்யவேண்டிய காரியம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இரண்டு இணைப்புகளில் கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றை ஒன்று ஒட்டி வரவேண்டும். இடம் மாறினால் போர்டு போய்விடும்.

மதர்போர்டில் இன்னொரு எமன் இருந்தான். பீப்பாய் போன்ற சின்ன நிக்கல் காட்மியம் பேட்டரி. 386, 486 போர்டுகளைக் கண்டென்சரை விட அதிகமாகக் கொன்றது இதுதான். பச்சையாகப் பூத்துக் கசிய ஆரம்பித்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு, வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவினேன். இன்னும் இரண்டு மழைக்காலம் போயிருந்தால் அங்கே செம்புக் கோடுகளே இருந்திருக்காது. பரணில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இந்தப் பேட்டரியை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள்.

பிறகு நேராக மின்சாரம் கொடுக்கவில்லை. வருடக்கணக்கில் சும்மா இருந்த கண்டென்சரில் ஆக்ஸைடு படலம் மெலிந்திருக்கும். மெதுவாக மின்சாரம் ஏறினால் அது தன்னைத்தானே சரி செய்துகொள்ளும். அதற்கு நம் எலெக்ட்ரீஷியன்களின் சீரீஸ் பல்பு போதும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட வேண்டும், எல்.இ.டி. உதவாது. முதலில் மதர்போர்டை இணைக்காமல், 5 வோல்ட் கம்பியில் ஒரு கார் பல்பை மட்டும் சுமையாக மாட்டினேன். சுமை இல்லாமல் அந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஓட்டக்கூடாது. குண்டு பல்பு ஒரு கணம் பிரகாசமாக எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. மங்காமல் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். எங்களுக்கு மங்கியது. மீட்டரில் 5.04 வோல்ட்.

பேட்டரி இல்லாததால் கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கையே மறந்திருந்தது. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் அச்சாகியிருந்தன. அவற்றைத் திரையில் கையால் கொடுத்த பிறகு டிஸ்க் கரகரவென்று சுற்றிக் கண் விழித்தது. பெரியவர் எழுதியது அத்தனையும், எழுத்துருவோடு சேர்த்து, ஒரே ஒரு 1.44 எம்.பி. ஃபிளாப்பியில் அடங்கிவிட்டது. அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. ஆகவே இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகக் குப்பை போலத் தெரியும். அதை யூனிகோடாக மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒற்று எழுத்துக்கள் சில இடங்களில் பிசகியதை மாமி தாமே உட்கார்ந்து திருத்தினார். மொத்தம் 212 பக்கங்கள். பெங்களூர் மகன் இப்போது ஐந்து பிரதி கேட்டிருக்கிறான்.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதில் உள்ள காட்மியம் விஷம். மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய கண்டென்சர்களையும் அதனுடனேயே ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கலாம்.