உரிமமும் கண்ணியும்: 1879ஆம் ஆண்டு நீலகிரி வேட்டைச் சட்டமும் மலைவாழ் மக்களும்

நான் வாழும் சோஹார் நகரம் ஓமான் நாட்டின் அல் பாத்தினா கடற்கரையில் உள்ளது. நகரின் மேற்கே ஹஜர் மலைத்தொடர் எழுகிறது. அம்மலையின் செங்குத்துப் பாறைகளில் வாழும் அரேபியத் தாஹ்ர் என்னும் காட்டு ஆடு, உலகில் ஓமானிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் மட்டுமே காணப்படுவது. நம் நீலகிரி வரையாட்டையும் இதனையும் இமயத்துத் தாஹ்ரையும் விலங்கியலார் நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்திருந்தனர். 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வுதான் மூன்றையும் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தது. விலங்கியல் உறவு அறுந்தாலும் வரலாற்று ஒப்புமை ஒன்று எஞ்சுகிறது. ஓமானில் 1970களில் வந்த வேட்டைத் தடை, நீலகிரியில் 1879இலேயே வந்த கட்டுப்பாட்டை நினைவூட்டுகிறது. மலையின் விலங்கைக் காக்க வந்த சட்டம் மலையில் வாழ்ந்த மனிதனை என்ன செய்தது என்னும் வினாவை நீலகிரியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்திற்கு முந்தைய நிலையை முதலில் காண்போம். நீலகிரி மக்கள் அனைவரும் வேட்டையாடிகள் என்பது பொதுவாக நிலவும் பிழையான எண்ணம். எருமை வளர்க்கும் தோடர் வேட்டையாடுவதில்லை, ஊன் உண்பதுமில்லை. கோத்தர் கொல்லர், குயவர், இசைவாணர். படகர் உழவர். சரிவுகளிலும் அடிவாரத்திலும் வாழ்ந்த குறும்பரும் இருளருமே தேனெடுத்தல், கிழங்கு அகழ்தல் ஆகியவற்றோடு வேட்டையையும் வாழ்க்கையின் ஒரு பகுதியாகக் கொண்டிருந்தனர். அவர்கள் கருவிகள் வலை, கண்ணி, குழி ஆகியவை. துப்பாக்கி அரிது.

இவ்வேட்டையை வேளாண்மையிலிருந்து பிரித்துப் பார்ப்பது தவறு. சாமையும் கேழ்வரகும் விளைந்த காட்டோரப் புனத்தில் பன்றியும் கடமானும் இறங்கினால் ஓராண்டு உணவு ஓரிரவில் போய்விடும். ஆகவே கண்ணி வைத்தல் பயிர்க்காவலின் நீட்சி. பிடிபட்ட விலங்கின் ஊன், இழந்த தானியத்திற்கு ஈடு. இது நீலகிரிக்கு மட்டும் உரிய செய்தியன்று. சங்கப் பாடல்கள் காட்டும் குறிஞ்சி நிலத்தில் தினைப்புனமும் பரணும் கிளிகடி கருவியும் எவ்வாறு ஒன்றாக வருகின்றனவோ, அவ்வாறே அடார் என்னும் கற்பொறியும் வருகிறது. காவலும் வேட்டையும் ஒரே புனத்தின் இரு வேலைகளாகவே அங்கு விளங்குகின்றன.

மூன்று ஆண்டுகளில் மூன்று நிகழ்வுகள்

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிய பின்னர் உதகமண்டலம் ஐரோப்பியரின் கோடை நகரமாக வளர்ந்தது. வெல்லிங்டனில் படைமுகாம் அமைந்தது. காப்பித் தோட்டங்கள், சிங்கோனா, பின்னர் தேயிலை எனக் காடு வெட்டப்பட்டது. விடுமுறையில் வந்த அதிகாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் வேட்டையே தலையாய பொழுதுபோக்கு. ஐம்பது ஆண்டுகளில் விலங்குகள் அருகியதில் வியப்பில்லை.

ஆனால் பழி யார்மேல் விழுந்தது என்பதே கருதத்தக்கது. அக்காலத்து ஆங்கில வேட்டை எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் குற்றவாளி, கண்ணி வைத்துப் பிடித்து ஊனைச் சந்தையில் விற்கும் நாட்டு வேட்டைக்காரன். ஒரு பருவத்தில் தாம் வீழ்த்திய கடமான்களின் எண்ணிக்கையைப் பெருமையோடு பதிவு செய்த அதே கைகள்தாம் இக்குற்றச்சாட்டையும் எழுதின. தோட்டங்கள் விழுங்கிய சோலைகளும் புல்வெளிகளும் அக்கணக்கில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1878இல் இந்தியப் படைக்கலச் சட்டம் துப்பாக்கியை உரிமத்திற்கு உட்படுத்தியது. 1879இல் சென்னை மாகாணத்தின் 2ஆம் சட்டமாக நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் ஒரு குறிப்பிட்ட மாவட்டத்திற்கென இயற்றப்பட்ட தொடக்ககால வேட்டைச் சட்டங்களுள் இது ஒன்று. இம்மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். வேட்டைக்குரிய நேர்மையான கருவி துப்பாக்கி என்றது சங்கத்தின் நெறி. அத்துப்பாக்கியை யார் வைத்திருக்கலாம் என்பதை முடிவு செய்தது முந்தைய ஆண்டுச் சட்டம்.

சட்டத்தின் முகப்புரை, உணவுக்குப் பயன்படும் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் காப்பதைத் தன் நோக்கமாகக் கூறுகிறது. காட்டெருது, கடமான், வரையாடு, பிற மான் வகைகள், முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை முதலியவை அதன் பட்டியலில் உள்ளன. வரையாட்டைச் சட்டம் ஐபெக்ஸ் என்கிறது. தமிழர் கேளையாடு என அழைக்கும் சிறுமானைக் காட்டு ஆடு என்னும் பொருள்பட்ட ஆங்கிலப் பெயரால் குறிக்கிறது. புலியும் சிறுத்தையும் பட்டியலில் இல்லை. அவற்றைக் கொன்றவருக்கு அக்காலத்தில் அரசு பரிசுப் பணம் வழங்கிவந்தது. ஆக, 'பாதுகாப்பு' என்ற சொல் இங்கே உணர்த்துவது காட்டின் நலத்தையன்று, அடுத்த பருவத்து வேட்டைக்கான இருப்பை. அறிவிக்கப்பட்ட விலக்குக் காலத்தில் கொல்லுதல், பிடித்தல், விற்றல் ஆகியன குற்றமாயின.

மீனைப் பற்றிய பகுதி நகைமுரண் உடையது. சட்டம் காத்தது மலையின் ஆற்று மீன்களை அன்று. வெளியிலிருந்து கொணர்ந்து பழக்கப்படுத்தப்பட்ட மீன்களை. பிரான்சிஸ் டே 1860களில் தூண்டில் விளையாட்டுக்கென டிரவுட் மீனைக் கொணர முயன்று வெற்றி காணவில்லை. எச். சி. வில்சனின் முயற்சியால் 1907ஐ ஒட்டியே அவலாஞ்சியில் அம்மீன் நிலைபெற்றது. வராத விருந்தாளிக்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே காவல் போடப்பட்டது எனலாம்.

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் இக்கட்டுப்பாட்டை மாகாணம் முழுவதற்கும் வேறு வழியில் விரித்தது. ஒதுக்குக் காடுகளில் விதிகளுக்கு மாறாக வேட்டையாடுதல், மீன் பிடித்தல், நீரில் நஞ்சு கலத்தல், கண்ணியும் பொறியும் வைத்தல் ஆகியன தடுக்கப்பட்டன. மரப்பட்டையையும் காயையும் இடித்து ஓடையில் கலந்து மீன் மயக்கும் பழைய முறை இதனால் குற்றமாயிற்று.

பங்கும் தனியாளும்

இத்தகைய சட்டத்தின் வேர் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ளது. 1831க்கு முன்னர் அங்கே குறிப்பிட்ட நில வருவாய் உடையோர்க்கே வேட்டையுரிமை இருந்தது. எளியவன் பிடித்த முயல் களவாகக் கருதப்பட்டது. 1723ஆம் ஆண்டுக் கறுப்புச் சட்டம் மான் வேட்டைக்கு மரண தண்டனை வரை சென்றதை ஈ. பி. தாம்சன் 1975இல் விரிவாக எழுதினார். அந்நூலை என் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் இலண்டனில் படித்தபோது, நீலகிரிக் கோப்புகளின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பது தெளிவாயிற்று. ஆங்கிலச் சிற்றூரின் வகுப்புப் பகைமையே குறும்பனின் கண்ணிமேல் மொழிபெயர்த்து வைக்கப்பட்டிருந்தது. இன்று நாம் எளிதாக வழங்கும் 'கள்ள வேட்டை' என்னும் தொடரைப் பழந்தமிழ் நூல்களில் நான் கண்டதில்லை.

தமிழ்ச் சிற்றூரில் வேட்டைக்கு வரம்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வரம்புகள் இருந்தன, அவை வேறு வகையின. பல ஊர்களில் வேட்டை ஆண்டின் குறிப்பிட்ட நாளுக்கு உரியது, தெய்வத்தோடு தொடர்புடையது. பொங்கலை ஒட்டிப் பழைய சீவரத்தில் காஞ்சி வரதராசர் பார்வேட்டைக்கு எழுந்தருளுவது அம்மரபின் கோயில் வடிவம். கிடைத்த ஊன் தனியாளுக்கு உரியதன்று. முதலில் எய்தவனுக்கு இன்ன பங்கு, நாய்க்கு இன்ன பங்கு, எஞ்சியது ஊருக்கு என முறை இருந்தது. கொங்கு நாட்டின் புலிகுத்திக் கற்கள், ஊரையும் ஆநிரையையும் காக்க விலங்கோடு பொருது மாண்டவனை ஊர் எவ்வாறு போற்றியது என்பதற்குச் சான்று. உரிமம் என்ற கருத்தில் ஊர் இல்லை. ஓர் ஆள், ஒரு துப்பாக்கி, ஒரு கட்டணம் மட்டுமே உண்டு. ஊருக்கும் காட்டுக்கும் இடையிலான உறவு இவ்வாறு ஆளுக்கும் அரசுக்கும் இடையிலான உறவாக மாறியதே 1879ஆம் ஆண்டின் ஆழமான விளைவு என்பது என் கருத்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சட்டமும் சங்கமும் இல்லாதிருந்தால் வரையாடு நீலகிரியில் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. வேட்டைக்காரர்களின் சங்கம் படிப்படியாகக் காப்போரின் சங்கமாயிற்று. அதில் பொறுப்பேற்றிருந்த வழக்கறிஞர் ஈ. ஆர். சி. தாவிதார் 1960களில் மேற்கொண்ட வரையாட்டுக் கணக்கெடுப்பே பிற்காலப் பாதுகாப்புக்கு அடிப்படை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழைய உரிம முறைக்கு முடிவு கட்டியது. முக்குருத்தி 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. 2023இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது.

இவ்விடத்தில் ஓமானின் அனுபவம் ஒப்புநோக்கத் தக்கது. அரேபிய ஓரிக்ஸ் மான், ஜித்தத் அல் ஹராஸீஸ் பாலைவெளியில் 1972இல் சுட்டு முடிக்கப்பட்டது. முடித்தவர் பெரும்பாலும் வண்டிகளில் வந்த வெளியார். 1982இல் அம்மான் மீண்டும் அங்கே விடப்பட்டபோது, அந்நிலத்தின் ஹராஸீஸ் பழங்குடியினரே காவலராக அமர்த்தப்பட்டனர். திட்டம் பின்னர் பெரும் இன்னலுக்கு உள்ளானது. காவல் இருந்தும் மான்கள் களவு போயின. 1994இல் உலக மரபுச் சின்னமான அக்காப்பகம் 2007இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் தடம் அறிந்தவனிடமே காவலை ஒப்படைத்த தொடக்க முடிவு சரியானதே என எண்ணுகிறேன். நீலகிரியிலும் பழங்குடி இளைஞர் பலர் இன்று காட்டில் காவற்பணி செய்கின்றனர். அப்பதவியின் பெயர் வேட்டைத் தடுப்புக் காவலர். பாட்டனின் தொழிலைத் தடுப்பது பேரனின் தொழிலாயிற்று. அதுவும் பலருக்கு நிரந்தரமற்ற கூலிக்கு.

2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம், வரலாற்று அநீதியைக் களைய வந்ததாகத் தன் முகப்புரையிலேயே கூறுவது. காட்டில் பயிரிடும் உரிமை, தேன் முதலிய சிறுவனப் பொருள் உரிமை, மேய்ச்சல் உரிமை ஆகியவற்றை அது ஏற்கிறது. வழக்கமாக அனுபவித்துவந்த பிற உரிமைகளையும் ஏற்கும் உட்பிரிவில், வேட்டையும் பொறிவைத்தலும் மட்டும் பெயர் சொல்லி விலக்கப்பட்டுள்ளன. இவ்விலக்கைத் தவறென்று நான் கூறவில்லை. ஆனால் பயிர்க்காவல் என்னும் பாதி வினா விடையின்றி நிற்கிறது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி அறிவித்த முறை, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து தொலைவை அளக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் சுடலாம். சுடுபவர் வனத்துறைப் பணியாளராகவே இருக்க வேண்டும். காட்டை ஒட்டிய முதல் கிலோமீட்டரில்தான் இருளரின் புனங்கள் பெரும்பாலும் உள்ளன.