"நிர்வாகம் பொறுப்பல்ல" என்று எழுதினால் போதுமா?

சென்ற கோடையில் மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஒரு படிவத்தை நீட்டினார்கள். கடைசி வரி, "விபத்து நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல." பின்னால் நீண்ட வரிசை. படித்தும் படிக்காமலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று நம் பகுதியெங்கும் நீச்சல் குளமும் ஜிம்மும் டர்ஃபும் பெருகிவிட்டன. இப்படிக் கையெழுத்திட்ட பெற்றோர் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். அந்த வரிக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

நிர்வாகத்தின் அலட்சியத்தால் தீங்கு நேர்ந்தால் அந்த வரி அவர்களைக் காப்பாற்றாது. கட்டணம் கட்டிவிட்டால் நீங்கள் நுகர்வோர். பாதுகாப்பும் அவர்கள் தர வேண்டிய சேவையில் அடக்கம். அதில் குறை வைத்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். உயிரே போனால் குற்ற வழக்கும் உண்டு. அலட்சியத்தால் மரணம் விளைவித்தவருக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை 5 ஆண்டாக உயர்த்தியிருக்கிறது.

இதை விளக்க ஒரே வழக்கு போதும். 2006இல் கோவளத்தில், கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சமுத்ரா ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவர் அங்கிருந்த நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். குளத்துக்கு உயிர்காப்பாளர் என்று ஓர் ஊழியர் இருக்கத்தான் செய்தார். ஆனால் மதுக்கூட வேலையையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள். இறந்தவரின் குடும்பத்துக்கு 62.5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர தேசிய நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. கழகம் மேல்முறையீடு செய்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. தண்ணீரில் கண் வைத்திருக்க வேண்டியவருக்கு வேறு வேலை கொடுத்ததே கவனக்குறைவு என்பதுதான் வழக்கின் சாரம்.

இது ஏன் அவ்வளவு பெரிய தவறு என்றால், மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்திக் கூப்பிடுவதில்லை. மூச்சுக்கே திணறுகிற குழந்தைக்குக் குரல் எழாது. பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாமல் அது அடங்கிவிடும். மூளைக்குப் பிராணவாயு போகாமல் சில நிமிடங்கள் கடந்தாலே மீள முடியாத சேதம் தொடங்கிவிடுகிறது. உயிர்காப்பாளர் போன் பேசிக்கொண்டும் ரசீது எழுதிக்கொண்டும் இருந்தால், அவர் அங்கே இருந்தும் இல்லாததற்குச் சமம்.

நம் மாநிலத்தில் பாதுகாப்பு விதிகள் குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகே வந்திருக்கின்றன. 2012 ஜூலையில் சேலையூர் பள்ளி ஒன்றின் மாணவி, பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே முடிச்சூர் அருகே விழுந்து இறந்தாள். தாம்பரத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அடுத்த மாதமே கே.கே.நகரில் பள்ளி நீச்சல் குளம் ஒன்றில் நான்காம் வகுப்புச் சிறுவன் மூழ்கி இறந்தான். நீச்சல் குளங்களுக்கான விதிகள் வர 2015 ஆயிற்று. உள்ளாட்சியின் உரிமம் இல்லாமல் குளம் நடத்தக் கூடாது, பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. அதற்குப் பிறகும், 2023இல், பெரியமேட்டில் சென்னை மாநகராட்சியின் சொந்தக் குளத்திலேயே 7 வயதுச் சிறுவன் இறந்தான். விதி காகிதத்தில் இருப்பது போதாது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டாம்.

ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் 2021 நவம்பர் முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. அங்குள்ள குளம் என்றால் உரிமம் பற்றி அந்த மாநகராட்சியில் கேட்கலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை என்றால் சென்னை மாநகராட்சி. வாய்மொழியாகப் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

சேர்க்கும் முன் ஒரு நாள் சும்மா போய்க் கரையில் அரை மணி நேரம் உட்காருங்கள். ஆழம் எழுதியிருக்கிறதா, மிதவை கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறதா, தண்ணீருக்கு அடியில் தரை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தரை தெரியாத கலங்கல் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளையும் தெரியாது. பயிற்சியாளர் கற்றுக்கொடுக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். "அவரேதான் பார்த்துக்கொள்வார்" என்றால் அந்த இடம் வேண்டாம்.

தீங்கு நேர்ந்துவிட்டால் ரசீது, படிவத்தின் நகல், இடத்தின் படங்கள், மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.