ஊர் சுற்றுகிறானா உங்கள் மகன்?

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே நான் உட்கார்ந்திருந்தபோது, பழைய மில் தொழிலாளி ஒருவர் எதிரே வந்து அமர்ந்தார். தறிகளுக்கு நடுவே நின்றே காலம் கழித்தவர். 2020-ல் புதுச்சேரி ஆலைகளின் கதவுகள் மூடப்பட்டபோது வெளியே வந்தவர்களில் ஒருவர். அவர் முகத்தில் கோபம். கையில் செல்பேசி.

“பாருங்க தோழர்! படிக்க அனுப்பினா இவன் ஊர் சுத்திக்கிட்டு இருக்கான்!”

பார்த்தேன். பிராகா நகரத்துப் பாலத்தில் அவர் மகன். ஜெனிவா ஏரிக்கரையில் அவர் மகன். பார்சிலோனாக் கடற்கரையில் நாலு தோழர்களோடு அவர் மகன். பையன் பிரான்சில் லியோன் நகரத்தில் மேற்படிப்புப் படிக்கிறான்.

“வீட்டுப் பத்திரம் பேங்குல கெடக்கு. வட்டி ஏறிக்கிட்டே போவுது. இவனுக்கு லீவு விட்டா ஊர் ஊரா போட்டோ! சீமான் வீட்டுப் புள்ளைன்னு நெனப்பு!”

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? கடனின் சுமை அதைச் சுமப்பவனுக்குத்தான் தெரியும். ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்னை உறுத்தியது. சீமான் வீட்டுப் பிள்ளை! ஊர் பார்ப்பது சீமான் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? தொழிலாளி மகன் பார்த்தால் குற்றமா? நெல்லித்தோப்பில் இந்த ஒரு தகப்பன் மட்டுமல்ல, பலரும் இதையே கேட்கிறார்கள். ஆகவே பதிலை ஊரறியச் சொல்கிறேன்.

40 நாள் இடைவெளி

ஒரு காலத்தில் அது சீமான்களின் சொத்தாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் பிரபு வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பாரிஸ், ரோம், வெனிஸ் என்று ஓராண்டு ஈராண்டு சுற்றி வருவார்கள். கூடவே ஆசிரியரும் வேலையாளும் போவார்கள். செலவுக்குப் பண்ணைக் குத்தகைப் பணம் வரும். அந்தப் பண்ணையில் உழைத்தவன் பக்கத்து ஊர்ச் சந்தையைத் தாண்டிப் பார்த்ததில்லை. ஆலை வந்த பிறகும் அவனுக்கு விடிவில்லை. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை என்றால் எந்தத் தொழிலாளி ஊர் பார்க்கப் போவான்?

அந்தப் பூட்டை உடைத்தது யார்? பிரான்சின் தொழிலாளி வர்க்கம். 1936 மே, ஜூன் மாதங்களில் அந்நாட்டுத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெளியேற மறுத்தார்கள். மக்கள் முன்னணி அரசு பதவியேற்றது. ஜூன் 20-ஆம் நாள் சட்டம் வந்தது. ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை! அந்த அரசில் ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்றிருந்த லெயோ லக்ராஞ்ச் என்ற இளைஞர், விடுமுறைக்குப் போகும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதச் சலுகை வாங்கித் தந்தார். அந்தக் கோடையில்தான் பல தொழிலாளர் குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தன.

அதே 1936-ல் நம் புதுச்சேரியில் என்ன நடந்தது? பறந்தது அதே மூவர்ணக் கொடிதான். ஆண்டதும் அதே குடியரசுதான். இங்கேயும் ஆலைத் தொழிலாளர்கள் வ. சுப்பையா தலைமையில் எட்டு மணி நேர வேலை கேட்டார்கள், சங்கம் வைக்கும் உரிமை கேட்டார்கள். கிடைத்தது என்ன? ஜூலை 30-ஆம் நாள், சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 12 உயிர்கள் பலியாயின!

ஜூன் 20. ஜூலை 30. கணக்குப் பாருங்கள். சரியாக 40 நாள். அங்கே தொழிலாளி கடற்கரைக்குப் போக ரயில் ஏறினான். இங்கே தொழிலாளி சுடுகாட்டுக்குப் போகப் பாடை ஏறினான். ஆனாலும் அந்த 12 பேரின் ரத்தம் வீண்போகவில்லை. மறு ஆண்டு, 1937-ல், எட்டு மணி நேர வேலைச் சட்டம் பிரெஞ்சிந்தியாவுக்கும் வந்தது.

இப்போது சொல்லுங்கள் ஐயா! உங்கள் மகன் அனுபவிக்கும் விடுமுறை எந்தச் சீமான் போட்ட பிச்சை?

மலிவு வந்த வழி

அவன் தங்கும் மலிவு விடுதியின் கதையையும் கேளுங்கள். ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரும்பாலைக்கும் பேர்போனது. அந்தப் பக்கத்தில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். ஆலைப்புகையில் வளரும் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் கால்நடையாக அழைத்துச் செல்வார். 1909 ஆகஸ்டில் ஒரு நாள் வழியில் இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி மாணவர்களைத் தூங்க வைத்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளில் பிள்ளைகளைத் தங்க வைத்தால் என்ன என்ற எண்ணம் அன்றிரவு அவருக்கு உதித்தது. 1912-ல் அல்டேனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி பிறந்தது. ஒரே அறையில் அடுக்குக் கட்டில், பொதுச் சமையற்கட்டு, குறைந்த கட்டணம் என்று இன்று ஐரோப்பா முழுதும் உள்ள விடுதிகளுக்கு அதுதான் முன்னோடி.

ரயிலும் அப்படித்தான். 1972-ல் ஐரோப்பிய ரயில் நிர்வாகங்கள் ஒன்றுகூடி ‘இன்டர்ரெயில்’ என்ற சீட்டைக் கொண்டுவந்தன. முதலில் அது 21 வயது வரையுள்ள இளைஞர்களுக்கு மட்டுமே. ஒரே சீட்டில் பல நாடுகள் போகலாம். இன்று எல்லா வயதினருக்கும் உண்டு. ஐரோப்பாவில் முறைப்படி குடியிருக்கும் வெளிநாட்டு மாணவனும் வாங்கலாம்.

கணக்கைப் பார்ப்போம்

“அதெல்லாம் சரி தோழர், பணம்?” என்றார் பெரியவர். நல்ல கேள்வி!

பிரான்சில் மாணவ விசாவில் இருப்பவன் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். முழுநேரத் தொழிலாளியின் ஆண்டுக் கணக்கு அங்கே 1,607 மணி. அதில் 60 சதவீதம் மாணவனுக்கு அனுமதி. வாரத்துக்குச் சராசரி பதினெட்டரை மணி. நம் மில்லில் வாரம் 48 மணி நின்றவர்கள் அந்த 1,607 என்ற எண்ணை இன்னொரு முறை படியுங்கள். 1936-ல் தொடங்கிய போராட்டம் எங்கே போய் நிற்கிறது என்பது விளங்கும்.

நான் தகப்பனைக் கேட்டேன். “பையன் ஊர் சுற்ற உங்களிடம் பணம் கேட்டானா?”

சற்று யோசித்தார். “இல்ல. ராத்திரியில ஒரு ஓட்டல்ல தட்டு கழுவுறானாம்.”

“எதில் போனானாம் பிராகாவுக்கு?”

“பஸ்ஸுலதான். ராத்திரி ஏறினா காலையில போய் எறங்கலாமாம். ரூம் வாடகை மிச்சம்னு சொன்னான்.”

தட்டுக் கழுவிய காசில், பேருந்திலேயே தூங்கி, உலகம் பார்க்கிறான் பையன். இவனா சீமான் வீட்டுப் பிள்ளை?

பிள்ளைகளை அனுப்பப் போகும் தோழர்கள் சில விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சின் நீண்டகால மாணவ விசாவை, போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே பதிவு செய்து உறுதிப்படுத்த வேண்டும். அதைக் கையில் வைத்திருப்பவன் ஷெங்கன் ஒப்பந்த நாடுகளுக்கு வேறு விசா இல்லாமல் போய் வரலாம். ஆனால் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் அங்கெல்லாம் தங்கக் கூடாது. 1985-ல் லக்சம்பர்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. 2025 முதல் 29 நாடுகள் அதில் முழுமையாகச் சேர்ந்திருக்கின்றன. இங்கிலாந்தும் அயர்லாந்தும் சேரவில்லை. அவற்றுக்குத் தனி விசா தேவை. பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்களில், ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருக்கும் 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நிரந்தரக் காட்சிகள் இலவசம். நம் பிள்ளை விசாவைக் காட்டி உள்ளே போகலாம்.

இன்னொன்று. எல்லை திறந்திருக்கிறது என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. நிறத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள் என்ற குமுறலும் அங்கே உண்டு. பிரான்சின் உச்ச முறையீட்டு நீதிமன்றமே 2016-ல், தோலின் நிறத்தைப் பார்த்துச் சோதிப்பது அரசின் கடுந்தவறு என்று தீர்ப்பளித்தது. பத்திரங்கள் கையில் இருக்கட்டும். தலை நிமிர்ந்தே இருக்கட்டும்.

எதைப் பார்க்க வேண்டும்?

இவ்வளவு சொன்ன பிறகு, பையன் மீது எனக்கும் ஒரு குறை உண்டு. கடையில் இருந்தபடியே தகப்பன் அவனை அழைத்துச் செல்பேசியை என்னிடம் கொடுத்தார். “தம்பி, குருவா ரூஸ் மேட்டுக்குப் போனாயா?” என்றேன். “பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன் மாமா, ஏறிப் பார்த்ததில்லை” என்றான்.

பிராகா வரைக்கும் போனவன் தான் குடியிருக்கும் ஊரின் மேட்டில் ஏறவில்லை!

அந்த மேடு என்ன மேடு? லியோன் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த மேடு. உயரமான தறிகளை நிறுத்துவதற்காகவே உயரக் கூரை போட்ட வீடுகள் அங்கே உண்டு. 1831 நவம்பரில், ஒப்புக்கொண்ட கூலி விகிதத்தை வியாபாரிகள் தர மறுத்தார்கள். நெசவாளர்கள் அந்த மேட்டிலிருந்து இறங்கினார்கள்; நகரத்தையே கைப்பற்றினார்கள். அரசு படையை அனுப்பி நகரை மீட்டது. 1834-ல் மீண்டும் எழுந்தார்கள், ரத்தத்தில் அடக்கப்பட்டார்கள். நெசவாளி வீட்டுப் பிள்ளை பார்க்க வேண்டிய இடம் அதைவிட வேறு ஏது?

பாரிசுக்குப் போனால் ஐபெல் கோபுரத்தைப் பார்க்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துச் சுவரையும் பார்க்கட்டும். 1871 மே 28-ல் பாரிஸ் கம்யூன் வீரர்கள் 147 பேரைச் சுட்டுக் கொன்ற சுவர் அது. வடக்கே நொவ் ஷாப்பேலுக்குப் போகட்டும். முதல் உலகப் போரில் மடிந்து, கல்லறைகூடக் கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. ஜெனிவா ஏரியைப் பார்த்தான் அல்லவா? அந்த நகரத்தில்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இருக்கிறது. 1919-ல் அது நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே எட்டு மணி நேர வேலையைப் பற்றியதுதான். பாரிசின் லா ஷாப்பேல் பகுதியில் தமிழ் எழுத்துப் பலகைகளைப் பார்த்து மகிழ்வதோடு நிற்காமல், போரில் வீடிழந்து வந்த ஈழத்தமிழர் அந்த நகரத்தில் எப்படி உழைத்துக் காலூன்றினார்கள் என்று விசாரிக்கட்டும்.

பார்த்தால் மட்டும் போதுமா?

நூறாண்டுக்கு முன் வரகனேரிக்காரர் ஒருவர் சட்டம் படிக்க லண்டன் போனார். அவர்தான் வ.வே.சு. ஐயர். 1907-ல் போனவர் படிப்பை முடித்தும், பேரரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். போலீஸ் துரத்தியது. மாறுவேடத்தில் தப்பிப் பாரிஸ் போய், அங்கிருந்து பல நாடு கடந்து 1910-ல் நம் புதுச்சேரிக்கே வந்து சேர்ந்தார். அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்க வேண்டும்.

ஆனால் அவரே பின்னாளில் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் என்ன நடந்தது? பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி! 1925-ல் தமிழ்நாடே அதை எதிர்த்துக் கொதித்தது. ஐரோப்பா முழுதும் சுற்றிய கால்கள், ஒரு சாப்பாட்டுப் பந்தியைத் தாண்ட முடியவில்லை. நான் யாரையும் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பயணம் தானாக எவனையும் மாற்றிவிடாது என்பதற்குத்தான் சொல்கிறேன். கண் பார்த்ததை மனம் கேள்வி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் லண்டன் போனாலும் லியோன் போனாலும் ஒன்றுதான்.

ஆகவே, தகப்பன்மார்களே! மகன் ஊர் சுற்றுகிறான் என்று சீறாதீர்கள். பரீட்சையில் தேறுகிறானா என்று கேளுங்கள். கடனைக் கட்ட என்ன வழி என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. அதோடு இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள். போன ஊரில் தொழிலாளிக்கு என்ன கூலி? எத்தனை மணி வேலை? சங்கம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் கொண்டு வருகிறவன் ஊர் சுற்றவில்லை. உலகம் படிக்கிறான்.

இளைஞர்களே! போங்கள், போய்ப் பாருங்கள். உங்கள் பாட்டன்மாருக்கு மில் வாசலும் வீட்டு வாசலும்தான் உலகமாக இருந்தன. அந்த வாசலைத் திறக்க 12 பேர் உயிரைக் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் ஜூலை 30-ல் தொழிலாளர்கள் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்த நாளில் நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் தோழனிடம் அந்த 40 நாள் கதையைச் சொல்லுங்கள்.

தேநீர்க் கடையில் எழுந்தபோது பெரியவர் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார்: “அந்த மேட்டுக்கு ஏறிப் பார்த்துட்டு வாடா. அங்க தறி எவ்வளவு ஒசரம்னு எனக்குச் சொல்லு.”