பூச்சும் மெருகும்

பூச்சு, மெருகு என்னும் இரண்டு சொற்களையும் ஒருபொருட் சொற்கள் போல வழங்கி வருகின்றோம். நுணுகி நோக்கின் இரண்டும் வேறு. ஒரு பொருளின்மேல் வேறொன்றைத் தடவி வைப்பது பூச்சு. அப்பொருளையே தேய்த்துத் தேய்த்து அதன் ஒளியை வெளிக்கொணர்வது மெருகு. வகுப்பறையிலே பல்லாண்டு இவ்வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்த யான், அதன் பொருளை உள்ளவாறு உணர்ந்தது, சாம்பல்தீவில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் முழந்தாளிட்டிருந்த பொழுதேயாம்.

அவ்வீடு என் தமக்கையாருக்குரியது. தாய்வழிப் பாட்டனார் கட்டுவித்தது. சீதனமாக வழிவழி வந்தது. கீழே சீமெந்துத் தரை. மேலே முதிரைப் பலகை பாவிய ஓர் அறை. கடற்காற்று ஓயாது வீசும் இடமாதலின் பலகைகள் நிறம் மங்கிக் கிடந்தன. வெளிநாட்டிலே தொழில் புரியும் மருமகன் விடுமுறையில் வந்தபோது, தாய்க்கு அவ்வறையைப் புதுக்கிக் கொடுக்க விரும்பினான். நல்லெண்ணமே. அவன் கையில் ஒரு மாதிரிப் புத்தகம் இருந்தது. மரத்தளங்களுக்குரிய நிறங்களும் பூச்சுக்களும் அதிலே கட்டடக் கலை வரலாற்றுப் பெயர்களைச் சூடி நின்றன.

“மாமா, பழைய பலகையைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால், முந்நூறு வருஷத்து அரண்மனைத் தளம் போலவே இருக்கும்” என்றான்.

யான் அப்புத்தகத்தை ஆவலோடு புரட்டினேன். முதலிலே வெர்சாய்த் தளம். சதுரச் சட்டத்துள் சாய்வாகப் பின்னிய பலகைத் துண்டுகள். கண்ணைக் கவரும் கோலம். ஆயின் அது வெறும் அழகுக்காக அங்கே புகுந்ததன்று. 1684 ஆம் ஆண்டளவில் வெர்சாய் அரண்மனையிற் சலவைக்கல் தளங்களை அகற்றி மரத்தளம் இட்டனர். கல்லைக் கழுவிய நீர் கீழிறங்கி, தாங்கி நின்ற உத்தரங்களை உளுக்கச் செய்தமையே காரணம். அடுத்து, கரும்பழுப்பான ஓக் பலகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேனாட்டுக் கைவினைஞர் ஓக் மரத்தை மூடிய அறையுள் வைத்து அம்மோனியா ஆவி படச் செய்தனர். மரத்திலுள்ள துவர்ச்சத்து அவ்வாவியோடு கூடிக் கருமை பெறும். அந்நிறம் மேலே இட்டதன்று, உள்ளே விளைந்தது.

மூன்றாவது, ‘கையாற் சுரண்டிய தளம்’ என்பது. இயந்திரம் வருமுன் தச்சர் பலகையை இழைப்புளியாற் சீவி, இரும்புத் தகட்டாற் சுரண்டி மட்டஞ் செய்தனர். எத்துணைக் கைதேர்ந்தவராயினும் மெல்லிய அலை போன்ற மேடுபள்ளம் எஞ்சும். இன்று அம்மேடுபள்ளத்தை இயந்திரமே புதுப்பலகையிற் செதுக்குகின்றது. சங்கிலியால் அடித்து வடுவும் உண்டாக்குவர். பின்னர்ப் பொலியூரெதேன் என்னும் செயற்கைப் பிசினாற் பூசி மூடிவிடுவர். முதுமை வேண்டுமாம், ஆனால் நேற்றுச் செய்த முதுமையாய் இருத்தல் வேண்டுமாம்!

யான் குனிந்து காலடியைப் பார்த்தேன். பாட்டனார் காலத்துத் தச்சர் சுரண்டிய அலைகள் அங்கே உண்மையாகவே இருந்தன.

பலகை கழற்றுதற்கென அழைத்த ஆசாரியார் மறுநாட் காலை வந்தார். ஒரு மூலையில் மெல்லச் சுரண்டிப் பார்த்தார். பொன்னிறம் மின்னிற்று.

“ஐயா, இது வைரமேறிய முதிரை. மேலேதான் அழுக்கு, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. இப்படிப் பலகை இனி எங்கே எடுப்பது?” என்றார்.

அவர் கேட்டது பொருளுள்ள கேள்வி. இலங்கையின் இயற்கைக் காடுகளில் மரந்தறிப்பது 1990 ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டது. அத்துணை முதிர்ந்த மரத்தை மீண்டும் பெறுதல் அரிது. கழற்றி எறிந்தால் எறிந்ததுதான்.

நம் துறைமுகத்துக்கு மரத்தின் அருமை புதியதன்று. சிங்களத்தில் ஹல்மில்ல எனவும் தமிழிற் சாவண்டலை எனவும் வழங்கும் மரம், இங்கிருந்து கப்பலேறிச் சென்னை சென்றமையால் வாணிக உலகில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர் பெற்றது. சென்னைக் கரையின் பேரலைகளைத் தாங்கிய மசூலாப் படகுகளுக்கு அது உதவிற்று. 1817 ஆம் ஆண்டு பம்பாயில் வாடியாக் குடும்பத்தார் தேக்காற் கட்டிய பிரித்தானியப் போர்க்கப்பலுக்கும் நம் ஊரின் பெயரே இடப்பட்டது. ‘திரிங்கோமலி’ என்னும் அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கின்றது. அக்காலக் கப்பற்றளங்களை மாலுமிகள் மணலும் நீரும் இட்டு, மென்கல்லாற் தேய்த்துத் துலக்கினர். தொழுவார் போல முழந்தாளிட்டுத் தேய்த்தமையால் அக்கல்லுக்குப் ‘புனிதக்கல்’ என்று பெயர் வந்தது என்பர். அங்கே பூச்சு இல்லை, மெருகே உண்டு.

அறையின் நடுவே நான்கைந்து பலகைகளிற் கருமை படர்ந்திருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது, அயலவர் பலர் இம்மேல்மாடியிலேதான் ஏறி நின்றனர். அவர்களின் ஆடையிலிருந்து வடிந்த உப்புநீர் பலகையில் ஊறியது. ஆணியின் இரும்பு அவ்வீரத்தில் மரச்சத்தோடு கூடிக் கருமையாயிற்று. அக்கறையை முதலில் நீக்கவேண்டும் என்றான் மருமகன். அதுவரை வாளா இருந்த தமக்கையார், “அது கிடக்கட்டும் தம்பி. அன்று நின்ற சிலர் இன்று இல்லை” என்றார்.

மருமகன் ஒன்றுஞ் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்தான்.

பின்னர் வேலை தொடங்கியது. அரக்கு இடலாமோ என்று முதலில் எண்ணினோம். மாத்தளைப் பகுதியில் அரக்கு வேலை வழிவழி வருவது; ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிலும் அது இடம்பெற்றுள்ளது. ஆயின் மதுசாரத்திற் கரைத்துப் பூசும் அரக்கு, ஈரம் பட்டால் வெளுத்துப்போகும். வாடை மாரிக்கு ஆகாது. தேங்காயெண்ணெய் உலராமற் பிசுபிசுத்துப் புழுதியை ஈர்க்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மரத்தின் துளைகளுள்ளே இறுகும். அதனையே தேர்ந்தோம்.

ஆசாரியார் அழுக்கைத் தகட்டாற் சுரண்டினார். காய்ந்த பராய் இலையால் யாங்கள் தேய்த்தோம். அதன் சொரசொரப்பு மணல்தாளை ஒக்கும். எண்ணெயை மெல்லிதாகத் தடவி, எஞ்சியதைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மீண்டும் தடவினோம். இறுதியிலே தேன்மெழுகு. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தாமே சூடேறித் தீப்பற்றும் என்று எச்சரித்து, ஆசாரியார் அவற்றை வெளியே விரித்து உலர்த்துவித்தார். கருமை படர்ந்த பலகைகளிலும் எண்ணெய் ஏறியது. கறை போகவில்லை, ஒளி பெற்றது.

இப்போது கச்சான் வீசுகின்றது. பலகைகளின் இடையே ஒரு நாணயம் நுழையும் இடைவெளி தெரிகின்றது. வாடை மாரி வந்தால் மரம் பருத்து அதனை மூடிக்கொள்ளும். இவ்வாறு சுருங்கி விரியும் மரத்தின்மேல் இட்ட விறைப்பான பூச்சுப் பொருத்துக்களில் வெடிக்கும். வெடித்த இடத்தை மட்டும் ஒட்டுத் தெரியாமற் சீர்செய்தல் அரிது. முழுவதையும் சுரண்ட நேரும். மெருகோ, தேய்ந்த இடத்தை மட்டும் மீண்டும் தேய்க்க இடந்தரும். ஆனால் தேய்ப்பதற்கு ஆள் வேண்டும்.

பழைய மாளிகைகளின் சாயலைப் புதுப்பலகையிற் பூசுதல் எளிது. நம் வீட்டுத் தளத்திற் கிடக்கும் வரலாற்றைத் துலக்குதற்கோ முழந்தாளும் பொறுமையும் வேண்டும். மாரிக்கு முன்னர் மீண்டும் ஒரு முறை மெழுகிடல் வேண்டும். அதற்கு வருவதாக மருமகன் எழுதியிருக்கின்றான். பராய் இலை பறித்துக் காயவைக்கும்படியும் கேட்டிருக்கின்றான்.