அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளில், குன்றுகளுக்கு இடையே நீர் தேங்கும் பள்ளங்களில், பஞ்சு போன்ற கறுப்பு மண் கிடக்கிறது. செத்த புல்லும் வேரும் நீருக்கடியில் காற்றுப்படாமல் கிடந்து, முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த பீட் மண் அது. ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் எடுத்த பீட் மண்ணை வைத்து, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை எப்போது வலுத்தது, எப்போது நலிந்தது என்பதை ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். தாவரவியலும் புவியியலும் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சதுப்புகளை நேரில் பார்க்கத்தான் வேண்டும். எப்படிப் போகிறார்கள் என்பதில்தான் என் கவலை.

இத்தகைய சதுப்புகள் முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் இருக்கின்றன. அங்கே கல்விச் சுற்றுலா என்ற காரணம் மட்டும் போதாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, முன் அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும். படிப்புக்காகவும் ஆய்வுக்காகவும் அனுமதி கேட்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. எனவே விண்ணப்பிப்பது மாணவர்களின் உரிமை. ஆனால் உள்ளே போக அனுமதித்தார்கள் என்பதால் செடியைப் பிடுங்கலாம், மண்ணைத் தோண்டி மாதிரி எடுக்கலாம் என்று ஆகிவிடாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்புவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, சட்டத்தை மீறினால் பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், பீட் மண் மிதிபட்டால் எளிதில் மீளாது. நாற்பது பேர் ஒரே தடத்தில் நடந்தால் மண் அமுங்கி, நீர் ஓடும் வழி மாறும். நீர் வடிந்த இடத்தில் காற்று புகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த கரி, கரியமில வாயுவாக வெளியேறும். காய்ந்த பீட் தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே நாள்கணக்கில் புகையும். உலகின் நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளிலும் உள்ளதைவிட அதிகக் கரியைத் தேக்கி வைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு, காலணியில் ஒட்டிவரும் சேற்றோடு களைச்செடி விதைகளும் உள்ளே போகின்றன. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகையும் கற்பூர மரமும் ஏற்கெனவே இந்தப் புல்வெளிகளை வெகுவாகத் தின்றுவிட்டன. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லும் இந்தச் சதுப்புகளில்தான் வளர்கிறது. ஆகவே ஓரத்தில் நின்று பார்ப்பதே நல்லது என்பேன். குழு சிறிதாக இருக்கட்டும், காலணியை முன்பே கழுவட்டும், வனத்துறையினர் காட்டும் தடத்தை விட்டு யாரும் விலக வேண்டாம்.

பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டு. புல் மூடிய இடம் திடமான தரைபோலத் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மழையில் நனைந்தால் உடல் வெப்பம் விரைவாகக் குறையும். காட்டெருமை நடமாடும் இடம், கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத பகுதிகளும் உண்டு. "என்ன நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று சில பள்ளிகள் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகின்றன. அந்தக் கையெழுத்தால் அலட்சியத்துக்கான பொறுப்பு நீங்கிவிடாது. 1995-இல் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள் 14 பேர் மூழ்கி இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம், கவனிக்கத் தவறிய ஆசிரியர்களின் பிழைக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று கூறி இழப்பீட்டை உறுதி செய்தது.

அனுமதியில்லாமல் வண்டிகள் உள்ளே போவதைக் கண்டாலோ, சதுப்பை யாராவது தோண்டுவதைக் கண்டாலோ, தேதி, நேரம், இடம், படம் ஆகியவற்றோடு மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பெற்றதற்குச் சான்று வாங்குங்கள். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்பதை, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் முறையிட வன உயிரினச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு வழி செய்கிறது. பலருக்கும் தெரியாத உரிமை இது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் வன உயிரினச் சட்டம் இல்லை. ஆனால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் மீறும் செயல்களுக்கு எதிராக அதன் சென்னை அமர்வை அணுகலாம். பொதுவாக ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

பெற்றோர்களே, அடுத்த முறை சுற்றுலாப் படிவம் வீட்டுக்கு வரும்போது மூன்றைக் கேளுங்கள்: வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல், உடன்போகும் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியல், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். இவை கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.