உங்களுக்குத் தெரியுமா? விறகுக்காக விடிய விடிய டிவி!

2013 பிப்ரவரியில் நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே., விறகைப் பற்றி மட்டுமே 12 மணி நேரம் நிகழ்ச்சி நடத்தியது! முதல் 4 மணி நேரம் மரம் வெட்டுவது, பிளப்பது, அடுக்குவது பற்றிய பேச்சு. மீதி நேரமெல்லாம் கணப்பில் தீ எரியும் காட்சிதான்.

விறகை அடுக்கும்போது 'பட்டை மேலே இருக்கணும்', 'இல்லை, கீழேதான்' என்று நேயர்கள் குறுஞ்செய்தியில் மல்லுக்கட்டினார்கள்.

விறகைப் பற்றி இன்னும் சில தகவல்கள்:

• புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். அதை ஆவியாக்கவே தீயின் சூடு வீணாகிறது, புகையும் கூடுகிறது. அதனால்தான் இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

• ஒரே அளவு காய்ந்திருந்தால் ஒரு கிலோ பைனும் ஒரு கிலோ ஓக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பம்தான் தரும். ஓக் அடர்த்தியானது, அதே அளவுக் கட்டை கூடுதல் நேரம் நின்று எரியும்.

• காய்ந்த விறகின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடியிருக்கும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பச்சை விறகு 'தொப்'பென்று மந்தமாகச் சத்தமிடும்.